பனிப்பெட்டிச் சோறு பழிக்கத்தக்கதோ?

பிறரைப் பழிக்க விரும்பும் மனிதனுக்கு எளிதிற் கிடைக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று அவர் உடுக்கும் உடை. மற்றொன்று அவர் உண்ணும் உணவு. உடையைப் பழிப்போர் தெருவில் நின்று பழிக்கின்றனர். உணவைப் பழிப்போரோ பிறர் வீட்டு விருந்தை வயிறார உண்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, அங்கேயே அமர்ந்து பழிக்கின்றனர். அத்தகைய பழிப்புரை ஒன்றில் நாமும் பங்குகொண்டோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

சென்ற தைத் திங்களில் சுங்கை பட்டாணியில் உறவினர் இல்லத்துக் காதணி விழாவுக்குச் சென்றிருந்தோம். பந்தி முடிந்ததும் பெரியவர் ஒருவர் பேசத் தொடங்கினார்: "இக்காலத்துப் பெண்கள் அடுப்பை மறந்துவிட்டார்கள். பனிப்பெட்டியைத் திறக்கிறார்கள், கடையில் வாங்கிய பொட்டலத்தைச் சூடாக்குகிறார்கள், அதையே கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வராமல் என்ன செய்யும்?" சூழ இருந்தோர் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம். அத்தோடு நில்லாமல், "எங்கள் வீட்டிலும் அதே கதைதான், மாமா" என்று சொல்லி, அவையின் சிரிப்பையும் பெற்றுக்கொண்டோம். அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நம் துணைவியார் செவியில் அது விழுந்தது.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் அவர் நெடுநேரம் பேசவில்லை. பீடோங்கைக் கடந்தபின் ஒன்று மட்டும் கூறினார்: "தோட்டத்தில் யார் எப்போது வந்தார், எவ்வளவு வேலை செய்தார் என்று செக்ரோல் எழுதுகிறீர்களே, நம் வீட்டு அடுப்புக்கும் ஒரு வாரம் செக்ரோல் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு நாலு பேர் முன்னால் பேசலாம்."

கிராணி உத்தியோகம் பார்ப்பவனுக்கு இதனினும் கூர்மையான சொல் வேண்டுமோ? அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனையே அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

உறையவைத்த ஆயத்த உணவு என்று நாம் இங்குக் குறிப்பது யாதெனில், ஆலையில் முழுதுமாகவோ பாதியாகவோ சமைத்து, கடுங்குளிரில் உறையவைத்து, பொட்டலமிட்டு விற்கப்படும் பண்டமாகும். ரொட்டி சானாய், கறி பாப், கோழித் துண்டு, மீன் உருண்டை, தட்டோடு கிடைக்கும் நாசி கோரேங், பிரியாணி ஆகிய யாவும் இவ்வகையின. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் உள்ள பேரங்காடிகளில் மட்டுமன்றி, தோட்டத்து வாயிலிலுள்ள சிறு மளிகைக் கடையிலும் இன்று இவற்றுக்கென ஒரு பெட்டி உண்டு. இவற்றின்மேல் நம்மவர் சாட்டும் குற்றங்கள் மூன்று. முதலாவது, குளிரில் கிடந்த உணவு செத்த உணவு என்பது. இரண்டாவது, அது நோயைத் தருவது என்பது. மூன்றாவது, அது அன்பில்லாத உணவு என்பது. மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதற் குற்றம் நிற்காது. உணவைக் கெடாமற் காத்துப் பின்னாளில் உண்பது நம் முன்னோர் அறியாத செயலன்று. கருவாடும் வற்றலும் வடகமும் ஊறுகாயும் பின் எவை? கெடாவின் கடற்கரையில் தஞ்சோங் டாவாய் சென்று பார்ப்போர், வெயிலில் காயும் மீனையும் நெத்திலியையும் இன்றும் காணலாம். இந்நாட்டு மலாய் மக்கள் ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் இட்டுப் புளிக்கவைத்து, பெக்காசம் என்னும் பெயரால் உண்கின்றனர். வெயிலாலும் உப்பாலும் புளிப்பாலும் செய்த வேலையைக் குளிரால் செய்வதில் என்ன குற்றம்?

குளிரால் காக்கும் முறையும் ஆலையில் பிறந்ததன்று. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பார், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், இன்றைய கனடா நாட்டின் வடகிழக்கிலுள்ள லாப்ரடோரில் வாழ்ந்தார். அங்குள்ள பழங்குடியினர் பிடித்த மீன், கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைந்து, பல நாள் கழித்து உண்ணும்போதும் சுவை குன்றாதிருந்ததைக் கண்டார். நீர் மெல்ல உறையுமானால் பெரும் பனித்துகள்கள் தோன்றி உணவின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். விரைந்து உறையுமானால் துகள் சிறுத்து, உணவு உருக்குலையாது நிற்கும். இந்த உண்மையைக் கொண்டு அவர் பொறி அமைத்தார். 1930-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் அப்பண்டங்கள் விற்பனைக்கு வந்தன. வெப்பமானி காட்டும் சுழியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் நச்சுக் கிருமிகள் பெருகுவதில்லை. அவை சாவதில்லை, உறங்குகின்றன. ஆதலின் உறைந்த பண்டத்தை மேசைமேல் நெடுநேரம் இளகவிடுவதும், இளகியதை மீண்டும் உறையவைப்பதும், அரைகுறையாய்ச் சூடாக்கி உண்பதும் தவறு. இத்தவறுகள் உண்போருடையவை, குளிருடையவை அல்ல.

காய்கறிகளைப் பொறுத்தமட்டில் குளிர் சில வேளைகளில் நண்பனாகவும் நிற்கிறது. பறித்த கீரையும் பட்டாணியும் நாள் செல்லச் செல்லச் சத்தை இழக்கின்றன. பறித்தவுடன் வெந்நீரில் சற்றே வாட்டி உறையவைத்தவை அச்சத்தின் பெரும் பகுதியைக் காத்துக்கொள்கின்றன. மலையிலிருந்து லாரியில் வந்து, கடையில் வாடி, நம் வீட்டிலும் மூன்று நாள் கிடந்த காய்க்குப் 'புதியது' என்று பெயர் சூட்டுவது வெறும் வழக்கமேயன்றி உண்மையன்று.

இவ்விடத்தில் ஒன்று நினைவுகூரத் தக்கது. சிங்கப்பூரில் 1903-ஆம் ஆண்டில் கோல்டு ஸ்டோரேஜ் என்னும் நிறுவனம் தோன்றி, ஆஸ்திரேலியாவினின்று உறைந்த இறைச்சியைக் கப்பலில் வருவித்து விற்றது. அப்பண்டம் துரைமாரின் மேசைக்குப் போயிற்று. அதனை உண்டமைக்காக எந்தத் துரைசானியையும் சோம்பேறி என்று எவரும் ஏசியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பங்களாவில் பெருமையாக இருந்த பனிப்பெட்டி, லயத்துக்கு வந்தவுடன் இழிவாயிற்று என்றால், இழிவு பெட்டியில் இருக்கிறதா, பார்ப்போர் கண்ணில் இருக்கிறதா?

இனி, இரண்டாம் குற்றமாகிய நோயை ஆராய்வோம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. நம் மக்களின் உடல்நிலை அச்சம் தருவதாக உள்ளது. மலேசிய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தொகை நூற்றுக்கு 31. மூவரில் ஒருவர் எனும் அளவுக்கு இந்நோய் நம் வீடுகளில் குடியேறிவிட்டது. நம் அன்னையாரும் அவருள் ஒருவர். ஆகவே பெரியவர் கூறிய அச்சத்தை நாம் நகைக்கவில்லை. அவர் காட்டிய காரணத்தையே வினவுகின்றோம்.

ஆலையில் பக்குவம் செய்த உணவெல்லாம் தீது, செய்யாததெல்லாம் நன்று என்று பகுப்பது பிழை என்பதற்கு மலாயாவின் பழஞ்செய்தி ஒன்றே சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தோழர்களே பெரும்பாலும் மாண்டனர். தோட்டத்துத் தமிழரை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் அதனைக் கவனித்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளை அரிசி; தமிழர் உண்டது இந்தியாவின் புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரு வகை அரிசியையும் தனித்தனியே அளித்துப் பார்த்து, 1907-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் நோய் பரவியது. புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் பரவவில்லை. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நோயாளிகளின்மேல் அச்சோதனை நடந்தது என்பதும் மறக்கத் தக்கதன்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை.

இதனால் அறியப்படுவது யாது? அவித்தலும் பக்குவமே, தீட்டலும் பக்குவமே. ஒன்று காத்தது, மற்றொன்று கொன்றது. எனவே பண்டத்தை நோக்கி, "நீ பக்குவப்பட்டாயா?" என்று கேட்பதிற் பயனில்லை. "உன்னிடமிருந்து எது எடுக்கப்பட்டது? உன்னில் எது சேர்க்கப்பட்டது?" என்று கேட்பதே அறிவு.

அக்கேள்வியை உறைந்த உணவினிடம் கேட்டால் விடை பெரிதும் மகிழ்ச்சி தருவதன்று. சேர்க்கப்பட்டது உப்பு, சேர்க்கப்பட்டது எண்ணெய், குறைக்கப்பட்டது நார். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவர் ஒரு நாளில் 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே உண்ணவேண்டும் என்கிறது. மலேசியரோ ஏறத்தாழ 8 கிராம் உண்கின்றனர். பொட்டலத்தின் பின்புறம் சோடியம் என்று குறித்திருக்குமாயின், அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் அது 2 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரு வேளையிலேயே தீர்ந்தது. எண்ணெயின் கணக்கோ நமக்கு மிக அணுக்கமானது. பகலெல்லாம் செம்பனைக் குலைகளின் எடையை ஏட்டில் பதிகின்றோம். அக்குலையின் எண்ணெயே பல ஆலைகளில் ரொட்டி சானாயின் மடிப்புகளுக்குள் புகுந்து, இரவில் நம் தட்டுக்கே திரும்பி வருகின்றது. அதிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழப் பாதி, இரத்தக் குழாய்க்கு நலம் செய்யாத வகையைச் சேர்ந்தது. நமக்குச் சம்பளம் தரும் பொருளாயிற்றே என்று இதனை மறைத்தல் முறையன்று.

2019-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் கெவின் ஹால் என்பாரும் அவர் குழுவினரும் 20 பேரைத் தங்கவைத்து, இரு வாரம் பெரிதும் ஆலைப் பக்குவம் பெற்ற உணவும், இரு வாரம் அவ்வாறு பெறாத உணவும் அளித்துப் பார்த்தனர். இரண்டிலும் வேண்டுமளவு உண்ணலாம். ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, எடையும் கூடினர். மென்மையாகவும் சுவையாகவும் விரைந்து விழுங்கத் தக்கதாகவும் இருக்கும் உணவு, வயிறு 'போதும்' என்று சொல்வதற்கு முன்பே உள்ளே சென்றுவிடுகிறது போலும். திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. அதில் வள்ளுவர் மூலிகையின் பெயர் ஒன்றும் கூறாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் வற்புறுத்துகின்றார். அளவு என்னும் அம்மருந்தைத்தான் பொட்டலம் மறக்கச் செய்கிறது.

ஆயினும் நியாயம் இருபுறமும் ஓடவேண்டும். காலையில் ஒட்டுக்கடையில் அமர்ந்து, கண்ணெதிரே கல்லில் வாட்டிய இரண்டு ரொட்டி சானாயும், இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய தேநீரும் உண்போர், தாம் 'புதிய' உணவு உண்டதாக மகிழ்கின்றனர். அந்த ரொட்டியிலும் வெள்ளை மாவும் எண்ணெயும் உப்புமே உள்ளன. சூடு ஒரு சுவை. அஃது ஒரு சத்தன்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிச் சொல்லி, நம் வீட்டுக் குழம்பிலும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் நாம் அள்ளிக் கொட்டிய உப்பு எந்த ஆலையிலிருந்து வந்தது? எனவே இரண்டாம் குற்றத்தில் உறைந்த உணவு பாதிக் குற்றவாளி. மற்றைப் பாதிக் குற்றம் நம் நாவினுடையது.

பாதிக் குற்றவாளியை வீட்டை விட்டு விரட்டவேண்டுவதில்லை. கட்டுக்குள் வைத்தால் போதும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ என்று வகுத்துக் கூறுகிறது. பனிப்பெட்டியிலிருந்து வந்தது அந்தக் கால் பங்குகளில் அடங்கட்டும். பாதித் தட்டை வெள்ளரியும் வதக்கிய கீரையும் நிரப்பட்டும். மாவில் தோய்த்த கோழித் துண்டுக்குப் பதிலாக வெறும் உறைந்த மீனும், உறைந்த பட்டாணியும் அதே பெட்டியிலேயே கிடைக்கின்றன. இரண்டு பொட்டலங்களின் நூறு கிராம் கணக்கை ஒப்பிட்டுச் சோடியம் குறைந்ததை எடுக்கலாம். நாள்தோறும் உண்பதற்கு ஏற்றதன்று. கைகொடுக்க ஆளில்லாத நாளில் ஏற்றது. இவ்வளவே மருத்துவம்.

இப்போது மூன்றாம் குற்றத்துக்கு வருகின்றோம். பெரியவர் உண்மையில் சாட்டிய குற்றம் இதுவே. உப்பும் எண்ணெயும் அவருக்கு ஒரு சாக்கு. 'இது அன்பில்லாத சோறு' என்பதே அவர் நெஞ்சில் இருந்தது. நாம் சிரித்ததும் அதற்கே.

துணைவியார் சொற்படி ஒரு வாரம் செக்ரோல் எழுதினோம். அவர் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவ்வாரம் அவருக்கு நான்கு நாள் இரவு முறை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கிக் காலை ஏழு மணிக்கு முடியும். ஆலைப் பேருந்தில் வீடு வந்து சேர எட்டரை. வந்தவுடன் அன்னையாருக்கு ஊசி மருந்தும் காலை உணவும், பின்பு துணி துவைத்தல், பத்து மணிக்கு மேல் உறக்கம், இரண்டு மணிக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் ஓசையில் விழிப்பு, பிள்ளைகளுக்குச் சோறு, வீட்டுப் பாடம், மாலை ஐந்தே முக்காலுக்கு மறுபடி பேருந்து. அந்த நான்கு நாளும் இரவு உணவு பனிப்பெட்டியிலிருந்து வந்தது. மற்ற மூன்று நாளும் அடுப்பில் வெந்தது. ஏழு நாளும் ஒவ்வொரு வரியிலும் அவர் பெயரே நின்றது. நம் பெயருக்கு நேரே எழுதத் தக்கது ஒன்றுமில்லை. ஞாயிறன்று கோழி வாங்கி வந்தது மட்டும் ஒன்று; அதனையும் கழுவி நறுக்கியவர் அவரே. தோட்டத்துச் செக்ரோலில் ஒருவன் பெயருக்கு நேரே இவ்வாறு வெறும் வரி நின்றால், அவனுக்குக் கூலி இல்லை. இல்லத்திலோ அவனுக்கே குடும்பத் தலைவன் என்று பெயர்.

அந்த ஏட்டை அன்னையாரிடம் படித்துக் காட்டினோம். பழைய காலத்தின் சுடுசோற்றுப் பெருமையை அவர் எடுத்துரைப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் பால்மரம் வெட்டி நம்மை வளர்த்தவர். அவர் சொன்னது இது: "ஐயா, நான் மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து வைத்துவிட்டு, இருட்டில் பெரட்டுக்குப் போவேன். நீ ஆயா கொட்டகையில் பத்து மணிக்கு அதைத் தின்பாய். அது ஆறிப் போன சோறுதான். நான் வெட்டுக்காட்டில் தின்றதும் ஆறிப் போன சோறுதான். சுடு சோறு தின்றவர் உன் அப்பா ஒருவர்தான்."

இச்சொல்லைக் கேட்டபின் நாம் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. எந்தப் பொற்காலத்தைக் காட்டி இன்றைய பெண்ணை நாம் ஏசுகின்றோமோ, அப்பொற்காலத்தில் சுடு சோறு ஒரு தட்டில் மட்டுமே இருந்தது. அதன் விலை ஒரு பெண்ணின் உறக்கம். அவ்விலையை நாம் கொடுக்காததால், அதற்கு விலையே இல்லை என்று எண்ணிவிட்டோம்.

அன்பை உழைப்பின் மணிக்கணக்கால் அளப்பது சரி என்று வாதத்துக்காக ஒப்புவோம். அவ்வாறாயின் நான்கு மணி நேரம் சமைப்பவள் மிக்க அன்புடையவள். பத்து நிமிடத்தில் சூடாக்கித் தருபவள் குறைந்த அன்புடையவள். அந்தப் பத்து நிமிடமும் செலவிடாமல் உண்டு எழுபவன் யார்? அளவுகோலைக் கொண்டுவந்தவரே அதனால் முதலில் குற்றவாளியாகின்றார். அன்பு மணிக்கணக்கன்று என்று கூறினாலோ, பனிப்பெட்டியைக் காட்டி அன்பில்லை என்று சொல்ல இடமே இல்லாமற் போகிறது. எப்படி நோக்கினும் அப்பழி பெண்ணின் தலையில் நிற்கவில்லை.

எனினும், "எளிதாக இருப்பதெல்லாம் நன்று" என்று பறைசாற்றும் வணிகர் பக்கம் நாம் சாயவும் இல்லை. 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ரோட்டரி சங்கத்தார் முன்னிலையில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். இனிப்புக் கட்டிப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று விளம்பரம் செய்து விற்றமையால் ஏழைக் குழந்தைகள் மடிவதை அவர் தம் கண்ணால் கண்டிருந்தார். அச்சாவுகளைக் கொலையாகவே கருதவேண்டும் என்று அவர் அஞ்சாது கூறினார். அவர் குற்றஞ்சாட்டியது டப்பாவைத் திறந்த தாயை அன்று, பொய்யை விற்றவரை. இதுவே நமக்கும் நெறியாகவேண்டும்.

நம் கெடா மாநிலத்திலேயே வேறொரு பாடமும் உண்டு. 1946, 47-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமி அவர்கள் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத் தொழிலாளரைக் கெடுத்துவந்த கள்ளை எதிர்த்து அது போராடிற்று. குடித்தவரைப் பிடித்துத் தண்டித்த செய்கைகளும் அதில் நிகழ்ந்தன. அவற்றை நாம் போற்றமாட்டோம். ஆனால் அவர்கள் குடிப்பவனை ஏசியதோடு வீடு திரும்பவில்லை. கள்ளுக்கடை வாயிலிலும் சென்று நின்றார்கள். தீமை உண்பவரின் வாயில் மட்டும் இல்லை, அது வந்து சேரும் வழியிலும் இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். இன்று நாம் போய் நிற்கவேண்டிய வாயில்கள் எவை? உப்பைக் குறைக்காத ஆலையின் வாயில். எழுத்தைப் பொடியாக்கி உண்மையை மறைக்கும் பொட்டலத்தின் பின்புறம். பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்து வேலை வாங்கும் முறை. இவை யாவற்றுக்கும் முன்னதாக, ஆண் நுழையாத சமையலறையின் வாயில். இவ்விடங்களில் எல்லாம் நிற்க அஞ்சி, விருந்து வீட்டில் வெற்றிலை மென்றுகொண்டு பெண்ணை ஏசுவது வீரமன்று.

பனிப்பெட்டியால் இழப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கோழித் துண்டிலேயே வளரும் பிள்ளை பாகற்காயின் கசப்பை அறியாது. முருங்கைக்கீரையின் மணத்தை அறியாது. வீட்டில் ஒருவரும் சமையாவிட்டால் சமையல் என்னும் கலையே இரு தலைமுறையில் மறைந்துபோகும். இவ்விழப்பு மெய்யானது. ஆனால் அக்கலையைக் காக்கும் கடமை ஒரு பாலார்க்கு மட்டும் விதித்ததன்று. கலை போகிறதே என்று வருந்துவோர் முதலில் கத்தியையும் பலகையையும் கையில் எடுக்கட்டும்.

நாமும் எடுத்தோம். இரவு முறை உள்ள நான்கு நாட்களில் இரண்டு நாள் சமையல் இப்போது நம்முடையது. முதல் நாள் சோறு குழைந்தது, கீரை கரிந்தது. மூத்த பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டுப் பனிப்பெட்டியைப் பார்த்தான். அன்னையார் மட்டும் ஒன்றும் கூறாமல் உண்டு முடித்து, "அடுத்த முறை தண்ணீரைக் குறை" என்றார். மற்ற இரண்டு நாளும் பொட்டலந்தான். அதனுடன் வெள்ளரியும் கீரையும் நறுக்கி வைப்பது பிள்ளைகளின் வேலை. பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துச் சோடியத்தை இரண்டரையால் பெருக்கிச் சொல்வது மூத்தவனின் கணக்குப் பாடம். துணைவியாருக்கு இதனால் கிடைத்தது நாளொன்றுக்கு ஒரு மணி நேர உறக்கம். அதனைப் பெரிய கொடை என்று கூறிக்கொள்ள நமக்கு நாணமாக இருக்கிறது. கடனில் ஒரு சிறு தவணை என்றே ஏட்டில் எழுதியுள்ளோம்.

அன்று விருந்து வீட்டில் கூறிய சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு வேறு அவை நமக்குக் கிடைக்கவில்லை. ஆதலின் இப்பக்கத்திலேயே அதனைத் திரும்பப் பெறுகின்றோம். பனிப்பெட்டிச் சோறு பழிக்கத்தக்கதோ என்று இனி எவரேனும் கேட்பாராயின், நாம் கூறும் விடை இதுவே: அதில் உப்பு மிகுந்தால் உப்பைப் பழியுங்கள், பொய் மிகுந்தால் விற்பவரைப் பழியுங்கள், அளவு மிகுந்தால் உங்கள் நாவைப் பழியுங்கள். அதனைச் சூடாக்கித் தந்த கையைப் பழிக்குமுன், உங்கள் வீட்டு அடுப்புக்கும் ஒரு வாரம் செக்ரோல் எழுதிப் பாருங்கள். அந்த ஏட்டில் உங்கள் பெயருக்கு நேரே என்ன நிற்கிறது என்று கண்டபின், அன்பர்கள் தாமே தீர்ப்பளிப்பார்களாக.